மாறிலி

சான் லொரென்சோவில் ஜனவரி.
பரானா ஆறு, பால் குறைத்துப் போட்ட காபி.
சின்னப் படகின் முனையில் குப்புறப் படுத்து
கப்பலின் உடம்பில் எழுதிய எண்களை வாசிக்கிறேன்.
ஆறு இடம், ஆறு எண்.
அலை ஏறினால் ஒன்று காட்டும், இறங்கினால் வேறு;
இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருப்பதை
இருபது தரம் பார்த்துவிட்டு
எழுதிக்கொள்வேன். இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எண்களை மறைத்து ஆகாயத்தாமரை வந்து ஒட்டுகிறது.
இதற்கு இதுதான் சொந்த ஊர்,
யாரும் திட்டுவதில்லை.
எலாடியோ கொக்கிக்கம்பால் தள்ளிவிடுகிறான்,
மறு கையில் மாத்தே குவளை சிந்தாமல்.

வாளியில் மொண்ட ஆற்றில்
கண்ணாடி நீர்மானி தலையாட்டித் தலையாட்டி நிற்கிறது.
ஆயிரம்.
உப்பே இல்லை.

தூக்கும் விசை என்று தனியாக எதுவும் கிடையாது.
நீர் எல்லாப் பக்கமும் தள்ளுகிறது, அவ்வளவுதான்.
இடப்பக்கத்துத் தள்ளலை வலப்பக்கம் தீர்த்துவிடும்,
முன்பக்கத்தைப் பின்பக்கம்.
அடியில் தள்ளுவதற்கு மட்டும்
மேலிருந்து பதில் சொல்ல நீர் இல்லை.
பைசல் ஆகாத அந்த ஒரு பாக்கியின் மேல்
இத்தனை இரும்பும் உட்கார்ந்திருக்கிறது.

மேல்தளத்து அறையில், மின்விசிறிக்குக் கீழே,
பத்துமி ஊர்க்காரர், முதன்மை அதிகாரி தமாஸ்,
கோடு போட்ட நோட்டில் கழிக்கிறார்:
விலகிய நீரின் எடையிலிருந்து
கட்டியபோது இருந்த கப்பல்,
எண்ணெய், குடிநீர், தொட்டிகளில் ஏற்றிய ஆறு.
எல்லாம் போக மிச்சம்
முந்நூற்று நாற்பத்தொரு டன்.

எல்லாக் கப்பலிலும் இப்படி ஒன்று மிஞ்சும்.
துரு, பெயிண்டுக்கு மேல் பெயிண்ட்,
என்றோ செத்த மோட்டார்,
சாவி தொலைந்த அறையில் நனைந்த கயிறு.
மாறிலி என்று அதற்குப் பெயர்.
பெயர் வைத்தவன்
ஒரே கப்பலை இரண்டு தரம் அளந்திருக்க மாட்டான்.

போன துறைமுகத்தில் இருநூற்றுத் தொண்ணூறு, என்றார்.
என் கண்ணைப் பார்த்தார், அளவுகருவியைப் பார்ப்பதுபோல.
பிறகு கயிற்றேணியில் அவரே இறங்கி வந்தார்.
படகு மூன்று விரல் தாழ்ந்தது.
என் பக்கத்தில் குப்புறப் படுத்து,
சட்டைப்பை பேனா ஆற்றில் விழுந்ததுகூடத் தெரியாமல்
அலையோடு தலையை ஏற்றி இறக்கி வாசித்தார்.
அதே எண்.

கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.
"அறுபத்தாறு நாள்," என்றார் தண்ணீரிடம்,
"ஒரு கழிமுகத்தில் நங்கூரம் போட்டுக் கிடந்தோம்.
முதலாளி போனை எடுக்கவில்லை.
தொட்டிகளில் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தோம்,
கலங்கல் தண்ணீர். அந்தச் சேறாக இருக்கும்."

ஐம்பத்தொரு டன்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஆறு ஏற்கெனவே கணக்கில் சேர்த்துவிட்டிருந்தது.
கையெழுத்துப் போட என் பேனாவைக் கொடுத்தேன்.

இரண்டு நாள் சோயா கொட்டியது.
தூசியில் ஊரே தும்மியது.
கடைசி அளவு நள்ளிரவில், டார்ச் வெளிச்சத்தில்:
கடலுக்கென்று போட்ட கோடு
ஒரு சாண் ஆழத்தில் முங்கிக் கிடந்தது.
குற்றமில்லை, விதியில் இடம் உண்டு.
போகப்போக ஆறு உப்பாகும்;
ஒரு மூட்டைகூட இறக்காமல்
கப்பல் அந்தச் சாணை ஏறிவிடும்.
சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்கிற கணக்கு
உப்புத் தண்ணீரில் செல்லாது.
ஐம்பத்தொரு டன் சேறும் கூடவே ஏறும்.

தமாஸ் மேலிருந்து கை காட்டினார்,
அல்லது கொசுவை விரட்டினார்.

படித்துறையில் நான் கால் வைத்ததும்
படகு இரண்டு விரல் உயர்ந்தது.
எலாடியோ பார்க்கவில்லை.
வாளியில் மிஞ்சிய ஆற்றை
ஆற்றிலேயே கொட்டிக்கொண்டிருந்தான்.