கைமாற்று

சிசாக்கிலிருந்து ஓல்ட்டனுக்கு
இன்று நான்காவது தடவை.
முதுகுப்பையில் ஆறு கைத்தொலைபேசிகள்.
ஆறும் மாறிமாறி அழைத்து
ஒரே ஜெர்மன் வாக்கியத்தைச் சொல்லிக்கொள்கின்றன.
கேட்க ஆளில்லை. அளக்க நான் இருக்கிறேன்.

இந்தக் கோபுரம் மங்கும்போது அடுத்தது
மூன்று டெசிபல் ஓங்கி நிற்கவேண்டும்,
கொஞ்சம் நின்று நிலைக்கவும் வேண்டும்.
அங்கே இடம் பேசி வைத்த பிறகே
இங்கிருந்து எழலாம்.
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று
வீட்டில் ஏசுவார்கள்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ரூம்லிங்கன் பாலம் வருமுன்
எதிர் இருக்கைக்காரி தொலைபேசியை
யன்னல் விளிம்பில் நிறுத்தினாள்,
தண்ணீர்ப் போத்தலை முட்டுக்கொடுத்து.
திரையில் ஒருவன். முழங்கை வரை மாவு.
இருவரும் கைகளால் பேசிக்கொண்டார்கள்.
எனக்கு ஒரு சொல் தெரியாது.
யாரையோ கேலி செய்கிறார்கள் என்று மட்டும்
தோள் குலுங்கியதில் தெரிந்தது.

பாலம் முடியும் இடம்
என் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி.
நேற்றுத்தான் பேயாட்டுக்கு எழுதினேன்:
எண்ணூற்று நாற்பது மில்லி விநாடி இடைவெளி.
குரலில் சிறு விக்கல். ஏற்கத்தக்கது.

அவன் கை பாதி வழியில் நின்றது.
கன்னத்துக்கும் காற்றுக்கும் நடுவே
விரித்த மூன்று விரல்கள்.

குரல் விழுந்தால் உடனே எழுந்துவிடும்.
படம் அப்படியல்ல,
முழுச் சட்டம் ஒன்று வந்து சேரும்வரை
பழைய முகத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும்.
திரும்பியபோது அவன்
வேறெங்கோ ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தான்.
அவள் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினாள்,
சுட்டுவிரலைச் சுழற்றினாள்.
அவன் ஏதோ சொன்னான்.
அதே விரல்கள் இல்லை.

லாய்ஃபெல்ஃபிங்கனில் மலைக்குள் நுழைந்தோம்.
சுரங்கம் முழுக்க நாங்கள் கம்பி இழுத்திருக்கிறோம்;
இருட்டில் அவர்கள் பேச்சு ஒரு சொட்டும் சிந்தவில்லை.
வெட்டவெளியில்தான்
நழுவவிட்டிருக்கிறோம்.

ஓல்ட்டன் மேடையில் நின்று எழுதினேன்:
ஏற்கத்தக்கது என்பதை அடித்துவிடு.
மூன்றை ஒன்றரையாக்கு.
இரண்டு கோபுரமும் பந்தாடுமே, என்றான் பேயாட்.
ஆடட்டும், பாலத்தைத் தாண்டிய பிறகு பார்ப்போம்.
செவ்வாய் இரவு இரண்டு மணிக்கு முன்
எதையும் தொட அனுமதியில்லை, என்றான்.

இன்று வெள்ளி.
ஐந்தாவது தடவைக்கு ஏறி உட்கார்ந்தேன்.
எழுத்துமில்லை, சாட்சியுமில்லை,
யாரோ ஒருவனின் பாதிச் சொல்
செவ்வாய்வரை
என்னிடம் கைமாற்றாக இருக்கிறது.