வலப்பக்கம் காலி

சி டிரைவ் சிவந்துவிட்டது.
மிச்சம் இரண்டு ஜிபிக்கும் கீழே.
பந்தலூரில் பதினோராம் நாளாக மழை.
நாடுகாணியில் சாலை சரிந்ததால்
ஆபீசுக்கு லீவு சொல்லியாயிற்று.

வட்டு மேலாண்மை என்று தேடி
ஒரு ஜன்னலைத் திறந்தேன்.
திறந்ததும் சிரிப்பு வந்தது.
இருபத்திரண்டு வருஷம் சர்வே ஆபீசில்
புலப்படம் வரைகிறவளுக்கு
இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.
இடமிருந்து வலமாக ஒரே நீளப் பட்டை,
தேயிலைச் சரிவை அறுத்துப்
பாகம் பிரித்த மாதிரி.

முதலில் நூறு எம்பி.
பெயரில்லை, எழுத்தில்லை,
உள்ளே போக வழியுமில்லை.
அடுத்து சி, நூற்றுப் பதினெட்டு ஜிபி,
நான் குடியிருக்கும் பாகம்.
அதன் தோளை ஒட்டி ஐந்நூற்று முப்பது எம்பி,
'மீட்பு' என்று மட்டும் எழுதி.
பிறகு டி.

ஏ எங்கே, பி எங்கே?
ஃபிளாப்பி ஒழிந்து இத்தனை காலமாகியும்
அந்த இரண்டு கதவிலக்கங்களை
இயந்திரம் தானாக யாருக்கும் கொடுப்பதில்லை.
எங்கள் பதிவேட்டிலும்
இருநூற்றுப் பதினான்குக்கு அடுத்து
இருநூற்றுப் பதினாறு.
சம்பளம் வாங்குகிற யாரும்
அதைக் கேட்பதில்லை.

டியில் இருந்தவை
ஜெபசீலனின் காலேஜ் ப்ராஜெக்ட்,
ஒரு கல்யாணத்தின் நானூறு படங்கள்
(மாப்பிள்ளை கண் மூடியவை உட்பட),
யாருடையது என்றே தெரியாத ஒரு ஜாதகம்.
எல்லாவற்றையும் வெளி டிரைவில் ஏற்றிவிட்டு
டியை அழித்தேன்.
நீலப் பட்டை கறுத்தது.
கீழே எழுதியிருந்தது:
ஒதுக்கப்படாதது.

இந்தச் சொல்லை நான் ஆபீசில்
உரக்கச் சொல்வதில்லை.
எங்கள் பக்கம் பாதி மலை
இந்தச் சொல்லின் கீழேதான் கிடக்கிறது.
ஜென்மம், வனம், வருவாய் என்று
மூன்று பேனாக்கள் மூன்று கோடு போட,
கோட்டின் மேலேயே உலை வைத்து
மின் இணைப்புக்கு மனு எழுதுகிறார்கள் ஜனங்கள்.

சரி, சியைத் தொட்டு 'நீட்டி' என்றேன்.
அந்த வரி சாம்பல் நிறத்தில்
செத்துக் கிடந்தது.

காலி இடம் இருக்கிறது,
கண்ணெதிரே எண்ணூறு ஜிபி.
ஆனால் தன் வலக்கை தொடும் மண்ணில்தான்
சி கால் நீட்டுமாம்.
நடுவில் அந்த ஐந்நூற்று முப்பது.
சேரம்பாடி கேஸ் ஞாபகம் வந்தது.
அரை சென்ட், ஒரு பாழடைந்த பம்புக் கொட்டகை,
இரண்டு பக்கமும் ஒரே ஆளின் நிலம்,
ஒன்பது வருஷம் கோர்ட்.

கூடலூர் ஷிபுவுக்குப் போன் போட்டேன்.
"மொத்தமா ஃபார்மேட் அடிச்சிடலாம் சேச்சி, ஐந்நூறு ரூபா."
மீட்பை மட்டும் எடுக்க முடியாதா?
"எடுக்கலாம். ஒருநாள் சிஸ்டம் விழுந்தா
எழுப்ப ஆள் இருக்காது, அவ்வளவுதான்."

அவ்வளவுதானே என்று
கறுப்புத் திரையில் கட்டளை அடித்தேன்.
எந்தத் துண்டு என்று எண்ணும் கொடுத்தாயிற்று.
என்டர் மேல் விரல்.

கரண்ட் போனது.
எங்கோ ஒரு சில்வர் ஓக்
கம்பி மேல் சாய்ந்திருக்கும்.

நான்கு மணிக்குத் திரும்பி வந்தது.
பொத்தானை அழுத்திவிட்டு
இம்முறை எழுந்து போகாமல் பார்த்தேன்.
தன் வீடு எங்கே என்று
இயந்திரத்துக்கே தெரியாத இரண்டு நொடி.
அப்போது முதலில் விழிப்பது
அந்தப் பெயரில்லாத நூறு எம்பி.
சி இதோ என்று கைகாட்டிவிட்டு
மறுபடி ஒன்றுமில்லாததாகிவிடுகிறது.
எல்லைக் கல் சுமந்தவன் பெயர்
எந்தப் பட்டாவில் இருக்கிறது?

மீட்பை அழிக்கவில்லை.
கறுப்பு நிலத்துக்கே டி என்று எழுத்துக் கொடுத்து
சியில் நெருக்கியடித்துக் கிடந்த
டவுன்லோடுகளை மூட்டை கட்டி
அங்கே குடியேற்றினேன்.
சிவப்பு, நீலமானது.

மொத்தப் புலத்தையும் பெயர் மாற்றித் தர
ஆறு வினாடி.
ஆட்சேபணை
ஏதும் வரவில்லை.