காலி செய்த நேரம்

ஆதார் கேட்காத காலம்.
மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில்
நாற்பத்தோரு ரூம், ஓடாத லிஃப்ட் ஒன்று.
ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை
அந்த லாட்ஜுக்கு நான்தான் முகம்.

முந்நூற்றுப் பதினொன்றில் தங்கிய பிரெஞ்சுக்காரர்
மூன்று நாள் வாடகைக்கு ஈடாகத்
தடித்த புத்தகம் ஒன்றை வைத்துவிட்டு
ராமேஸ்வரம் போனார். திரும்பவில்லை.
இடப்பக்கம் தெற்கு பிரான்சின் பழைய பாஷை,
வலப்பக்கம் இங்கிலீஷ்.
பிளஸ் டூவில் இரண்டு முறை கோட்டைவிட்டவனுக்கு
ஒரு பக்கத்துக்கு ஒரு ராத்திரி ஆனது.

எண்ணூறு வருஷத்துக்கு முந்திய ஆட்கள்.
பிரபு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு
பிரபுவின் மனைவியைப் பாடியிருக்கிறார்கள்.
அவள் பெயரை மட்டும் சொல்வதில்லை;
பொய்ப்பெயர் ஒன்று வைப்பார்கள்.
'என் காந்தக்கல்.' 'பார்க்க இனியவள்.'

சிரித்துவிட்டேன்.
மேசையில் விரித்துக் கிடந்த ரிஜிஸ்டர் முழுக்க
அதுதானே.
திரு & திருமதி குமரேசன், சாத்தூர்.
எழுதும்போது பேனா ஒரு கணம் யோசிக்கும்.
அந்தக் கணத்தில்
ஒரு ஊர், ஒரு கல்யாணம், தகப்பன் பெயர்
எல்லாம் பிறந்துவிடும்.

அவர்களுக்கும் அலர் தூற்ற ஆள் இருந்தது.
எங்களுக்கு எதிர்த்த வெற்றிலைக் கடை.

விடியல் பாட்டு என்று அதில் ஒரு வகை.
கோட்டை மேலிருந்து காவல்காரன் கூவுவான்:
எழுந்திரு நண்பா, வெள்ளி முளைத்துவிட்டது.
உள்ளேயிருந்து பதில் வரும்:
இல்லை, இன்னும் விடியவில்லை.
பாடியவனைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு.
காவல்காரனுக்குக் குளிர்ந்ததா என்று
ஒருவரும் எழுதவில்லை.
மார்கழியில், மொசைக் தரையில்,
மதுரையிலும் குளிரும்.

இருநூற்று நான்கு. மாதத்தில் இரண்டாம் வியாழன்.
'செண்பகவல்லி, கோவில்பட்டி' என்று எழுதுவாள்.
ஊரைச் சொன்ன வாய்க்கு
அந்த ஊர் அம்மன் பெயர்தான் வந்திருக்கிறது.
அவன் மருந்துக் கம்பெனிப் பையோடு வருவான்.
"நாலரைக்கு எழுப்புங்க."
பாண்டியன் எக்ஸ்பிரஸ் கூட்டத்தில் கலந்துவிட்டால்
இப்போதுதான் இறங்கியவள் மாதிரி
வீட்டுக்குப் போகலாம்.
பதினோரு மாதம் தட்டினேன்.
மூன்று தட்டு. நிறுத்தம். இன்னொன்று.

பன்னிரண்டாம் மாதம் தனியாக வந்தாள்.
அதே பெயர். பேனா யோசிக்கவில்லை.
'திரு' வரவேண்டிய இடத்தில்
ஒரு கோடு இழுத்தாள்.
"நாலரைக்கு எழுப்புங்க."
"சரிங்கம்மா."
வேறு என்ன கேட்பது?

நாலரை. சிம்மக்கல் பக்கம் போகிற வாழைத்தார் லாரி
வீதியை ஒருமுறை உலுக்கிவிட்டுப் போனது.
தட்டினேன்.
தூங்கி எழுந்த குரல் இல்லை அது:
"இன்னும் விடியலை."

காவல்காரனின் அடுத்த வரி
எனக்கு மனப்பாடம்.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
படியிறங்கி வந்துவிட்டேன்.

காஜிமார் தெருவில் பாங்கு சொன்னார்கள்.
பாண்டியன் வந்தது, கூட்டத்தைக் கொட்டியது.
வெற்றிலைக் கடைக்காரர் பலகையை எடுத்து வைத்துவிட்டு
வழக்கம்போல எங்கள் வாசலைப் பார்த்தார்.
ஆறு மணிக்கு மாற்று ஆள் வந்தான்.
"எல்லாரையும் எழுப்பியாச்சா?"
"ஆச்சு."

அந்தப் பாட்டுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான்
மெட்டு மிஞ்சியிருக்கிறதாம்.
அதிலும் சுரம் தெரியும், தாளம் தெரியாது.
சில ஏடுகளில், எழுதியவன்
வரிக்கு மேலே கோடுகளைப் போட்டு
சுரத்துக்கு இடம்விட்டு
எழுந்து போயிருக்கிறான்.
படம் இருந்தது.
வெறும் கோடுகளை ரொம்ப நேரம் பார்த்திருந்தேன்.

முடிக்கும்போது, பாட்டைச் சுமந்து போகிறவனுக்கு
இரண்டு வரி தனியாகச் சொல்வது அவர்கள் வழக்கம்.

ரிஜிஸ்டரே, முதலாளி வீட்டுக்குப் போ.
இருநூற்று நான்குக்கு நேரே
'காலி செய்த நேரம்' ஏன் காலி என்பார்.
மை தீர்ந்துவிட்டது என்று சொல்.