அட்டைக்கு உப்பு

அரவேணுவுக்கு மேலே ஆறாம் நம்பர் காட்டில்
நாற்பத்தாறு கம்பம் நட்டேன்.
ஒவ்வொன்றின் உச்சியிலும் சோப்பு டப்பா அளவில் ஒரு காது.
அறுபத்திரண்டு கழுத்துக்கு அறுபத்திரண்டு அட்டை.
உள்ளே ஒரு சில்லு, ஒரு பொத்தான் பேட்டரி.
நாலு விநாடிக்கு ஒருதரம் அது
‘இருக்கேன்’ என்னும்.
மற்றபடி அதற்கு மொழி கிடையாது.

கோத்தகிரி ஆபீசில் ஒரு திரை. திரையில் மலை.
மலையில் பச்சைப் புள்ளிகள்.
ஏழு நிமிடம் நகராத புள்ளி மஞ்சளாகும்,
பத்தில் சிவப்பு.
மூன்று சிவப்புக்கு அரைப்பேர் என்று
ஃபீல்டு ஆபீசர் ததேயுஸ் விதி எழுதிக் கொடுத்தார்.
இங்கே பேர் என்றால் ஒரு நாள் கூலி.
கூலியைப் பாதியாக்கினால்
பேரும் பாதிதான்.

முதல் சனிக்கிழமை பதினொரு அரைப்பேர்.
ஒருத்திக்கு வயிற்றுப்போக்கு.
ஒருத்தி, காட்டெருமை பாதையை மறித்ததால்
அது போகும்வரை மூச்சைப் பிடித்து நின்றவள்.
எருமைக்கு அட்டை இல்லை,
அதனால் திரையில் எருமையும் இல்லை.

நல்ல மழை நாளில் பேட்டரி மாற்றப் போனேன்.
யோகராணி சேலையைக் கெண்டைக்கால்வரை தூக்கி
டப்பாவிலிருந்து உப்பெடுத்துத் தடவினாள்.
கொழுத்த அட்டை சுருண்டு விழுந்தது.
ரத்தம் மட்டும் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.
“கால் அட்டைக்கு உப்பிருக்கு தம்பி,
கழுத்து அட்டைக்கு?”
எல்லோரும் சிரித்தார்கள்.
ராஞ்சிப் பக்கமிருந்து வந்த ஃபூல்மணி எக்கா
யாரோ அர்த்தம் சொன்ன பிறகு,
தனியாக, இன்னும் சத்தமாக.

நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன்,
தன் வேலையைப் பற்றிக் கேட்டால் எவனும் சொல்வதுபோல:
தண்ணீர்தான் இதுக்கு ஆகாது அக்கா.
அலை தண்ணீருக்குள் செத்துப்போகும்.
உடம்பும் முக்கால்வாசி தண்ணீர்தானே,
ஈரத்துணியில் சுற்றி மார்போடு அழுத்திவைத்தால்
காதுக்கு எட்டாது.
அதனால் வெளியே தொங்கட்டும்.

தொங்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அடுத்த வாரம் கோயம்புத்தூருக்குப் போன் வந்தது.
தினமும் பதினொன்று பத்துக்கு
மலை காலியாகிறதாம்.
அறுபத்திரண்டும் ஒரே மூச்சில் அணைந்து
பதினொன்று இருபத்தைந்துக்கு
ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், முளைக்கின்றனவாம்.
நின்றவளுக்குச் சிவப்பு வைத்திருந்தேன்.
இல்லாதவளுக்கு நிறம் வைக்க
எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

போனேன்.
சோதனைக்கென்று அறுபத்து மூன்றாம் அட்டையை
நானே மாட்டிக்கொண்டு,
பதினொன்று பத்துக்குக் கொஞ்சம் முன்னால்.

சில்வர் ஓக் அடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.
நடுவில் கரி பிடித்த கேத்தல்.
ரொட்டி, மிளகாய்ச் சம்பல்.
ஒருத்தி இன்னொருத்தியின் காதில் சீழ் பார்த்தாள்.
ஒருத்தி வெறுமனே மல்லாந்து கிடந்தாள்.
யாரும் யாருக்கும் ‘இருக்கேன்’ சொல்லவில்லை.

என்னைக் கண்டு யாரும் எழவில்லை என்பது
முதலில் கொஞ்சம் உறைத்தது.
யோகராணி என் கழுத்தைத்தான் பார்த்தாள்.
“ஒனக்கும் கடிக்குதா தம்பி?”
பிழிந்தும் பிழியாத ஒரு துண்டை நீட்டினாள்.

நெஞ்சில் அந்தக் குளிர்ச்சி இறங்கி
தேநீர் பாதி குடிப்பதற்குள் போன் அடித்தது.
ததேயுஸ்.
“எங்கய்யா இருக்கே? உன் புள்ளியும் போச்சே!”

“பனி சார்” என்றேன்.
“கை நீட்டினா கை தெரியல.”

ஃபூல்மணி வாயைப் பொத்திக்கொண்டாள்,
இம்முறை யாரும் அர்த்தம் சொல்லாமலே.
எதிரே கேத்தரின் அருவி
வெயிலில்
இழை இழையாக எண்ணலாம்போல விழுந்துகொண்டிருந்தது.