ஆடி மாதக் கடல் பற்றிய ஒரு வரி

“ஆடியில் கடல் அமைதியாக இருக்கும்.”
இன்னாசி எழுதினார்.
“ஆடியில் கடல் கொந்தளிக்கும்.”
நைனார் மாற்றினார்.
அமைதி. கொந்தளிப்பு. அமைதி.
ஒரே இரவில் பன்னிரண்டு முறை.
பக்கத்தைப் பூட்டினேன்.
பூட்டும்போது எது இருந்ததென்று பார்க்கவில்லை.
கொந்தளிப்பு இருந்ததாம்.
நான் நைனாரின் ஆள் என்று
விடிவதற்குள் பேச்சுப் பக்கத்தில் முடிவாகிவிட்டது.

இதற்கு எனக்குச் சம்பளம் இல்லை.
மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில்
இரவுக் கணக்கு எழுதுகிறேன்:
எந்தப் படகு, எத்தனை பார், யார் பாக்கி.
பாக்கிக்காரன்கூட என்னிடம்
இப்படிப் பேசியதில்லை.

ஷிப்ட் முடிந்து வடக்கே நடந்தேன்.
தட்டில் ஊற்றி ஆறவைத்த கஞ்சிபோல் தண்ணீர்.
தண்டவாளம் தாண்டித் தெற்கே நடந்தேன்,
இருபது நிமிடம்.
சோழகம் சட்டையை முதுகில் உப்பவைத்தது.
வள்ளங்களை மேட்டில் ஏற்றிக் கட்டியிருந்தார்கள்.
தங்கச்சிமடத்துக்காரருக்கு வடகடல்,
வேதாளைக்காரருக்குத் தென்கடல்.
அவ்வளவுதானா!

கண்டுபிடித்த சந்தோஷத்தில்
நீளமாக எழுதிப் போட்டேன்.
“இது எனக்குத் தெரியாதா” என்றார் இன்னாசி.
“பாலத்துக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்தவன் நான்,
எனக்கா சொல்கிறீர்கள்” என்றார் நைனார்.

அப்புறம் என்னதான் வேண்டும்?
மறுநாள் மத்தியானம் இன்னாசி சொன்னார்:
மூன்று வருடம் முன்பு
நண்டுவலை பற்றி நான் எழுதிய பத்தியைத் தூக்கிவிட்டு
காரணம் எழுதும் கட்டத்தில்
“குப்பை” என்று போட்டார்.
தேடினேன்.
மார்ச் ஒன்பது, இரவு பத்து நாற்பது.
குப்பை. ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லாமல்.

நைனார் இரண்டு நாள் வரவில்லை.
பிறகு வந்தார்.
“அன்றைக்கு என்ன மனநிலையில் இருந்தேனோ” என்று எழுதி,
அதை அழித்து,
“நண்டுவலைப் பத்தியை மீட்டுவிட்டேன்.
இரண்டு எழுத்துப்பிழை இருந்தது, திருத்தினேன்.”
மன்னிப்பு என்ற சொல் எங்குமில்லை.
இன்னாசி ஒரு “சரி” போட்டார்.

பூட்டைத் திறந்தேன்.
வடகடல் அமைதியாகவும் தென்கடல் கொந்தளிப்பாகவும் இருக்கும்;
வாலில் நீல எழுத்தில், சான்று தேவை.
நான் நடந்து பார்த்தது சான்றாகாது.
அந்த விதிக்குக் கைதூக்கியவர்களில் நானும் ஒருவன்.

நேற்றுப் பின்னிரவில்
பெயரில்லாத ஒருவர், வெறும் எண்,
எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எழுதினார்:
“ஆடியில் வடகடல் படுத்துக் கிடக்கும்,
தென்கடல் எழுந்து நிற்கும்.”
ஒரே நிமிடத்தில் இன்னாசி மீளமைத்தார்.
முந்தப் பார்த்துத் தோற்ற நைனார்
அவருக்கு நன்றிப் பொத்தானை அழுத்தினார்.

பனிக்கட்டி அரைபடும் சத்தத்தில்
வரலாற்றைத் திறந்து
அந்த எண்ணின் வரியை இன்னொரு தரம் படித்தேன்.
விதிப்படி அவர்கள் செய்தது சரி.

நாலு மணிக்கு முதல் படகு வந்தது,
இருபது பார்.
எந்தக் கடல் என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.
கணக்கில் அப்படி ஒரு கட்டம் இல்லை.