பதினேழாம் எக்ஸ்டென்ஷன்

ஐந்தாவது தடவையாகக் கல்லடுக்குத் தோட்டத்துக்கு வருகிறேன்.
பொகவந்தலாவ பஸ்ஸில், மடியில் டூல் பெட்டி,
பெட்டிமேல் குடை,
குடைத் தண்ணீர் முழுதும் என் முழங்காலுக்கு.
புகார் பழையதுதான்:
"பதினேழு வேல செய்யல."

பதினேழு என்றால் டிஸ்பென்சரி.
ஆபிஸிலிருந்து முந்நூறு யார் கீழே,
சவுக்கு மரங்களுக்கிடையில் ஒரு தகரக் கூரை.
கைப்போனுக்கு அங்கே சிக்னல் கிடையாது.

முதல் தடவை ஜங்ஷன் பெட்டிக்குள் எறும்பு.
ஊதித் தள்ளினேன், டோன் வந்தது, கையெழுத்து வாங்கினேன்.
இரண்டாந்தடவை இடி என்று சொல்லிக் கார்டை மாற்றினேன்.
மூன்றாந்தடவை
பெக்டரியில் கொழுந்து வாட்டும் ஃபேன் ஓடத் தொடங்க
பல்பு மங்கியதைக் கண்டு
ஸ்டெபிலைசர் ஒன்றை விற்றுவிட்டுப் போனேன்.
நான்காந்தடவை ஒன்றும் அகப்படவில்லை.
அகப்படாத நாளில் எழுதுவதற்கென்றே
எங்கள் தொழிலில் ஒரு சொல் உண்டு:
ஈரம்.
இந்த மலையில் யார் அதை மறுத்துப் பேசுவது?

நாலு தடவையும் நான் வந்தது பகல் பதினொன்றுக்கு.
நாலு தடவையும் பதினேழு
நல்ல பிள்ளையாகப் பேசியது.

இன்று மூன்று மணிக்கு வளைவில் மண் இறங்கிவிட்டது.
பஸ் இல்லை.
"கெடந்துட்டு விடியப் போ" என்று டீமேக்கர்
ரொட்டியும் கட்டச்சம்பலும் தந்தார்.
ஏழேகாலுக்கு, சும்மாதான்,
டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு இறங்கினேன்.
புனிதவதி மிஸ்ஸி ஒன்றும் சொல்லாமல்
ரிசீவரை என் பக்கம் நீட்டினார்.

டோன் இருந்தது. சுத்தமான டோன்.
பூச்சியத்தை அமுக்கினேன்.
பீப். பீப். பீப்.

பழுதான வயர் கரகரக்கும், இரையும்,
இல்லாவிட்டால் செத்துக் கிடக்கும்.
இது அப்படியில்லை.
இது மறுப்பு.
யாரோ சொல்லிவைத்தபடி, பிசகாமல் வருகிற மறுப்பு.

வாச்சரை எழுப்பி ஆபிஸைத் திறந்து
எக்ஸ்சேஞ்ச் பெட்டியில் லேப்டாப்பைக் கொழுவினேன்.
பதினேழு: பகல் வகுப்பு ஒன்று, இரவு வகுப்பு நான்கு.
நான்கு என்றால் உள்ளுக்குள் மட்டும்.
மாலை ஆறிலிருந்து காலை ஆறுவரை
தோட்டத்துக்குள் யாரையும் கூப்பிடலாம்.
வெளியே ஒருவரையும் முடியாது.
பக்கத்தில் திகதி, மூன்று வருஷத்துக்கு முந்திய ஆனி மாதம்.
மாற்றியவர் பெயருக்கு இரண்டு எழுத்து.
என்னுடையவை.

மெல்லத்தான் ஞாபகம் வந்தது.
பெரிய கிளாக்கர் அருமைநாயகம் பில்லைத் தூக்கிக் காட்டினார்:
"ராவுல எவனோ கட்டாருக்குப் பேசுறான் தம்பி,
ஆறு மணிக்குப் பொறகு எல்லாத்தையும் பூட்டிரு."
எல்லாத்தையும் என்றார். பூட்டினேன்.
துரை பங்களாவை மட்டும்
அவர் சொல்லாமலே திறந்து விட்டேன்.

நான்கை அழித்து ஒன்றைப் போட
ஒரு தும்மலின் நேரம்கூட ஆகவில்லை.
உள்லைனில் மிஸ்ஸியைக் கூப்பிட்டு,
இப்போது என் நம்பருக்கு அடிக்கச் சொன்னேன்.
சிக்னல் ஒரு கோடு காட்டும் ஜன்னலோரம் போய்
போனைக் கையில் வைத்து நின்றேன்.
அடித்தது.

"கேக்குதா?"
"கேக்குது மிஸ்ஸி, தெளிவா."

வைப்பார் என்று இருந்தேன். வைக்கவில்லை.
"சித்திரையில ஒரு ராவு
ஆம்புலன்ஸுக்குப் பதினோரு தடவ அடிச்சேன்.
பத்தாம் நம்பர் லயத்துப் பொண்ணு.
கொழுந்து லொறியில ஏத்தினோம், வளைவுலயே பெத்துட்டா.
ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."
வயரில் ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை.
"ஈரம்னுதானே எழுதியிருந்தீங்க?"

இப்போது மேசையில் படிவம்.
பழுதின் காரணம்: ஈரம், இடி, எலி, மின்சாரம், மற்றவை.
மற்றவைக்கு விட்டிருக்கிற இடம் ஒரு விரலகலம்.
என் பெயர் அதற்குள் அடங்குகிறது, எழுதிப் பார்த்தேன்.
கட்டணம் என்ற கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு.
ஸ்டெபிலைசருக்கு வாங்கிய காசு இருக்கிறது.
அதை என்ன செய்வதென்று தெரியவில்லை,
வெளியே மழை இன்னும் விடவில்லை.