காரணம் என்ற கட்டம்

பாம்பன் தெற்குவாடியில்
அமலோற்பவத்தின் வீட்டுக் கூரை பிளந்ததாக
மதுரைக் கிளையிலிருந்து தாள் வந்தது.
இழப்பு: புயல்.
கேட்பது: எண்பத்தாறாயிரம்.
போய்ப் பார்த்து எழுதுவது என் வேலை.

பரமக்குடியில் நானும் வாடகைக்குத்தான் இருக்கிறேன்.
குளியலறைத் தொட்டியில் நான் போட்ட கீறலுக்குக் கீழே
வாளி வைத்து மூன்று வருஷம் ஓட்டியாயிற்று.
இதை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

கதவைத் தட்டுவதற்கு முன்பே
நண்டு வாடை வந்து கூட்டிப்போனது.
குடியிருந்தவன் கித்தேரியான்,
வேம்பாறுக்காரன், பதினான்கு மாதம்.
"நல்ல பையன்தான்" என்றாள்.
அந்தத் 'தான்'-இல் நாக்கு கொஞ்சம் தட்டியது.

தரையில் மூன்று வெள்ளை வளையங்கள்,
ஐஸ் டிரம் நின்ற இடம்.
சுவிட்சுப் பலகையில் பச்சைக் களிம்பு.
ஜன்னல் கம்பியைத் தொட்டால் கையோடு வருகிறது துரு.
அது அவன் கணக்கா, கடல் கணக்கா?
கடலும் இங்கே குடியிருக்கிறது,
அட்வான்ஸ் கொடுக்காமல்.

நடு அறையில் விசிறி இல்லை.
கொக்கி மட்டும், ஒரு விரல் கீழிறங்கி.
சுற்றிலும் விரிசல்,
நண்டுக்கால் போல என்று எழுத ஆசை.
அறிக்கையில் உவமை கூடாது.
விரிசல் நான்கு. நீளமானது ஒன்றரை மீட்டர்.

"மூணாம் நம்பர் கூண்டு ஏத்துன ராத்திரி சார்,
டமார்னு ஒரு சத்தம்."
அந்த ராத்திரிக் காற்றின் வேகம்
என் பைக்குள் அச்சடித்து இருந்தது.
எதிர்வீட்டு ஓலைக்கீற்றைக்கூட அசைக்காத காற்று.
நான் அதை எடுக்கவில்லை.

ஸ்டூலில் ஏறினேன்.
கொக்கியின் உள்வளைவு
வழவழவென்று தேய்ந்து பளபளத்தது.
விசிறி இப்படித் தேய்க்காது.
தராசுதான் தேய்க்கும்.
விடியலில் வள்ளம் வந்ததும்
கூடைக்கு இருபது கிலோ,
ஏற்றி, இறக்கி, ஏற்றி.

காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன், பழக்கம்.
என் வீட்டிலும் அதற்குப் பின்னால்தான் ஆணித்துளை.
இங்கே கரிக்கோட்டில் கணக்கு:
செவ்வா 210 – வீ.அ. 210
புதன் 185 – வீ.அ. 185
ஞாயிறு வள்ளம் இல்லை
திங்க 240 – வீ.அ. 240
"வீ.அ. யாரு?"
கொஞ்ச நேரம் அவள் சுவரைப் படித்தாள்,
புதிதாகப் பார்ப்பவள்போல.

"வீட்டு அக்கா."

வெளியே யாரோ மீன் பெட்டியை இழுத்துப்போனார்கள்.

"கிலோவுக்கு ஒரு ரூபா சார்.
வாடகை நாலாயிரம், அது மருந்துக்கே காணாது.
அந்த ஒரு ரூபாயைச் சேத்துத்தான்
உங்க பாலிசிக்குக் கட்டினேன்."

ரசீதைக் காட்டினாள்.
நாலாய் மடித்து, சவேரியார் படத்துக்குப் பின்னால்.

படிவத்தில் காரணத்துக்கு ஒரே ஒரு கட்டம்.
தீ உண்டு, வெள்ளம் உண்டு, கலவரம் உண்டு,
வாகனம் மோதியதும் உண்டு.
குடியிருப்பவன் ஆத்திரத்தில் உடைத்திருந்தால்
அதற்கும் ஒரு பிரிவு, கூடுதல் பிரீமியத்தோடு.
பிழைப்பில் உடைந்ததற்கு
ஒன்பதாம் பக்கத்தில் எறும்பெழுத்தில் ஒரு வரி:
'படிப்படியான தேய்மானம், பொறுப்பல்ல.'

கித்தேரியானின் எண்ணுக்கு அடித்தேன்.
எடுத்தான். பின்னால் இயந்திரப் படகின் இரைச்சல்.
"கொக்கியா? அக்காதான் சொன்னாங்க,
அது யானையவே தாங்கும்னு."
ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.
அவள் சேலைத் தலைப்பால் ஸ்டூலைத் துடைத்தாள்.
துடைக்க அதில் ஒன்றுமில்லை.

ரயில் பாலம் தாண்டுவதற்குள் எழுதிவிட நினைத்தேன்.
புயல் என்று இரண்டு எழுத்து எழுதி,
மூன்றாவதை எழுதாமல், அடித்தேன்.
பக்கத்தில் 'எடை' என்று எழுதினேன்.
அப்படி ஒரு காரணத்தை
கிளையில் யாரும் ஏற்கமாட்டார்கள்.
திருப்பி அனுப்புவார்கள். ஒரு மாதம் போகும்.
அதைக் கருணை என்று சொல்லமுடியாது,
வேலை என்றும் சொல்லமுடியாது.

ராத்திரி எட்டரைக்கு அவளே கூப்பிட்டாள்.
"சார், உங்க அளவு டேப்பு
இங்கேயே குடியிருக்கு. வாடகை யார் தருவா?"
சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
"என்ன எழுதுனீங்க?"

பதிலுக்கு நான் தொண்டையைச் செருமிய நேரத்தில்
வாளியில் விழுந்த சொட்டு
அவளுக்கும் கேட்டிருக்கும்.